மகள் உளவியல் படிக்கப் போகிறாள்: எந்தக் கிளை, எதை எவ்வளவு நம்புவது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். பெறுபேறு வரும்வரை சும்மா இருக்காமல் உளவியல் டிப்ளோமா ஒன்றில் சேரப் பார்க்கிறாள். கோர்ஸ் கையேட்டைப் புரட்டினால் சிகிச்சை உளவியல், உளவளத்துணை (கவுன்சிலிங்), கல்வி உளவியல், நிறுவன உளவியல், தடயவியல் உளவியல், சுகாதார உளவியல், விளையாட்டு உளவியல் என்று வரிசையாகத் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் கீழே பாடமாக்க ஒரு கட்டுக் கருத்துகள். "இதெல்லாம் வேறு வேறு பாடமா? எதில் தொடங்கச் சொல்வது? எது உண்மையிலேயே வேலை செய்யும்?" என்கிறார். நான் விளங்கிக்கொண்டது இதுதான்: கிளைகளின் பட்டியல் அவருக்கு வேண்டியதில்லை, அது கையேட்டிலேயே இருக்கிறது. மகள் காசும் காலமும் போடப்போகும் அறிவில் எது கெட்டி, எது வெறும் பேச்சு என்பது தெரிய வேண்டும். அரச வைத்தியசாலை உளநலப் பிரிவில் பல வருடம் வேலை செய்தேன். இப்போது ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கிறேன், கம்பனிகளுக்கு ஆள் தெரிவு செய்யவும் உதவுகிறேன். நீதிமன்றமும் விளையாட்டு மைதானமும் எனக்குப் படித்த அறிவு மட்டுமே. அந்த அளவுக்குள் நின்று சொல்கிறேன்.

முதலாவது கேள்விக்குப் பதில்: வேறு வேறு பாடம் இல்லை. கிளைகளைப் பிரிப்பது மனித மனத்தின் பகுதிகள் அல்ல. யார் கேட்டு வருகிறார், யாருக்கு அறிக்கை போகிறது, அதை வைத்து யார் என்ன முடிவெடுப்பார் என்பதுதான் பிரிக்கிறது. கொட்டாஞ்சேனையில் எட்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான் என்று வையுங்கள். அம்மா முதலில் பிள்ளை வைத்தியரிடம் கொண்டுபோவார். சோதனைகளில் ஒன்றுமில்லை என்று அங்கிருந்து உளநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அது சிகிச்சை உளவியல். அதே பையனை அதிபர், பள்ளிக்கூடத்திலுள்ள வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடம் அனுப்பினால் கல்வி உளவியல். பெற்றோர் பிரியப்போகிறார்கள், பிள்ளை யாரிடம் இருப்பது என்று நீதிமன்றம் அறிக்கை கேட்டால் தடயவியல். பையன் ஒருவன்தான், பயமும் ஒன்றுதான். ஆனால் மூன்று இடத்திலும் நாம் கேட்கும் கேள்வி மாறுகிறது, அவன் சொன்னதை யாரிடம் சொல்லலாம் என்பதும் மாறுகிறது.

இந்தக் கடைசி விஷயத்தைக் கையேடுகள் "ஒழுக்கநெறி" என்று இறுதிப் பாடத்தில் அரைப் பக்கம் போட்டுவிட்டுப் போய்விடும். என்னைக் கேட்டால் அது முதற் பாடமாக இருக்க வேண்டும், அதுவும் கொழும்பில். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைத் தமிழர் எல்லாரும் எப்படியாவது ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். கோயிலிலோ கலியாண வீட்டிலோ ரியூட்டரி வாசலிலோ சந்தித்தே தீருவார்கள். அமர்வு முடிந்து கதவைத் திறந்ததும் அம்மா எழும்பி வந்து, "என்ன டொக்டர், பிள்ளை என்ன சொன்னவன்?" என்று கேட்பார். (நான் டொக்டர் இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் அந்த அழைப்பு மாறாது.) அந்த இடத்தில் என்ன சொல்வது என்பதை அமர்வு தொடங்க முன்னரே மூவரும் சேர்ந்து பேசி வைத்திருக்க வேண்டும்: உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்கு எதிரான துன்புறுத்தல் என்றால் கட்டாயம் சொல்வேன், மற்றவற்றை அவன் சம்மதித்தால்தான் சொல்வேன். இதைப் பேசாமல் தொடங்கியவர்களிடம் பிள்ளைகள் இரண்டாம் முறை வாய் திறப்பதில்லை. கம்பனியில் இது இன்னும் சிக்கல். ஊழியர் உங்கள் முன்னால் இருந்து அழுவார். உங்களுக்குக் காசு தருபவர் மேல்மாடியில் இருப்பார்.

கிளைகள் இயற்கையில் இருந்து வந்தவை அல்ல என்பதற்கு வரலாறும் சாட்சி. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1896இல் லைட்னர் விட்மர் உலகின் முதல் உளவியல் கிளினிக்கைத் திறந்தார். "சிகிச்சை உளவியல்" என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அங்கே வந்த முதல் ஆள் மனச்சோர்வுக்காரரோ பித்துப் பிடித்தவரோ அல்ல. எழுத்துக்கூட்டத் தடுமாறிய ஒரு பள்ளிப் பையன், கூட்டிவந்தவர் அவனுடைய ஆசிரியை. பையனுடைய சிக்கலில் கண்பார்வைக் குறையும் ஒரு பங்கு என்று தெரிந்து கண்ணாடி போட்டுவிட்டார்கள். சிகிச்சை உளவியலின் முதல் வழக்கே கல்வி உளவியல், அதற்குள் கொஞ்சம் கண் வைத்தியம்! ஹார்வார்டில் இருந்த ஹியூகோ மூன்ஸ்டர்பேர்க், 1908இல் சாட்சிகளின் ஞாபகத்தைப் பற்றி நூல் எழுதினார்; ஐந்து வருடம் கழித்துத் தொழிற்சாலையில் ஆள் தெரிவு பற்றி இன்னொன்று. தடயவியலும் நிறுவன உளவியலும் ஒரே மேசையில் தொடங்கியவை.

அப்படியானால் எல்லாக் கிளைக்கும் பொதுவாக ஓடும் கருத்து எது? அளவிடல் என்பேன். மகள் எந்தக் கிளைக்குப் போனாலும், ஒரு கருவி என்ன அளக்கிறது என்று கேட்கத் தெரியாவிட்டால் மற்றதெல்லாம் வீண். நம்பகத்தன்மை என்பது, இன்றைக்கு அளந்தாலும் அடுத்த மாதம் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே விடை வருகிறதா என்பது. ஏற்புடைமை என்பது, வந்த விடையை வைத்து நாம் எடுக்கும் முடிவுக்கு அது தாங்குமா என்பது. தராசு தினமும் சரியாக ஒரே எடை காட்டலாம். ஆனால் எடையை வைத்து ஒருவருடைய உயரத்தைச் சொல்ல முடியாது. மூன்றாவது நியமம், அதாவது ஒப்பிடும் அளவுகோல்: இந்தப் பிள்ளையின் புள்ளியை எந்தப் பிள்ளைகளின் புள்ளியோடு ஒப்பிடுகிறோம்?

அல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905இல் பாரிஸில் முதல் நுண்ணறிவுச் சோதனையைத் தயாரித்தது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை அடையாளம் கண்டு கூடுதல் உதவி கொடுக்கத்தான். பினே அந்த எண்ணை மாறாத பிறவிக் குணம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களை எதிர்த்தார். அது அமெரிக்கா போய் 1916இல் ஸ்டான்ஃபோர்ட்–பினே சோதனையானபோது எண்ணுக்குத் தனி மவுசு வந்துவிட்டது. இன்றும் கொழும்பில் பெற்றோர் "ஐ.கியூ. எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், முடுக்கில் சிங்களம் என்று வளரும் ஒரு பிள்ளைக்கு, வெளிநாட்டில் ஒரு மொழி பேசும் பிள்ளைகளை வைத்து நியமம் போட்ட சொற்சோதனையைக் கொடுத்தால் வரும் எண்ணைப் பார்த்து நான் பயப்படுவேன். பிள்ளைக்குப் பொருள் தெரியும். அதற்குரிய சொல் சிங்களத்தில் வரும். படிவத்தில் அதற்குப் புள்ளி இல்லை. அப்படியான இடத்தில் எண்ணை ஒருபக்கம் வைத்துவிட்டு, பிள்ளை எந்த இடத்தில் தடுக்குப்பட்டது, சிறிய உதவி கொடுத்தால் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பது பயன். ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி சொன்ன அண்மை விருத்தி வலயம் என்பதன் சாரமும் இதுதான்: தனியே செய்யக்கூடியதற்கும், தெரிந்தவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவிலுள்ள இடைவெளி. நம் ஆசிரியப் பயிற்சியில் இந்தப் பெயரை எல்லாரும் எழுதிச் சித்தியடைவார்கள். வகுப்பில் செய்பவர்கள் குறைவு. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்வது கஷ்டமும்தான்.

அளவிடலில் இன்னொரு கருத்து, எந்தக் கிளைக்காரரும் தவறவிடுவது, அடிப்படை வீதம்: நாம் தேடும் பிரச்சினை அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது. கணக்காகக் காட்டினால்தான் விளங்கும். மனச்சோர்வைத் தேடிப் பார்க்க பி.எச்.கியூ-9 என்று ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு. 2001இல் வெளியானது, மொத்தம் 27 புள்ளி, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். மூல ஆய்வில் அந்த வெட்டுப்புள்ளி, மனச்சோர்வு உள்ளவர்களில் 88 வீதத்தினரைப் பிடித்தது. இல்லாதவர்களில் 88 வீதத்தினரைச் சரியாக விட்டுவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது ஒரு கம்பனியில் 1000 பேருக்கு அதைக் கொடுக்கிறோம், அவர்களில் 5 வீதத்தினருக்கு உண்மையில் மனச்சோர்வு என்று வைத்துக்கொள்வோம். 50 பேரில் 44 பேர் பிடிபடுவார்கள். மிச்சம் 950 பேரில் 12 வீதம், அதாவது 114 பேரும் தவறாகப் பிடிபடுவார்கள். ஆக 158 பேருக்கு "பிரச்சினை" என்று வரும். அவர்களில் உண்மையாக உள்ளவர்கள் 44 பேர்தான், நாலில் ஒருவரைவிடச் சற்றுக் கூட. அதே படிவத்தை, வருபவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருக்கும் கிளினிக்கில் கொடுத்தால் பிடிபட்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் அளவில் சரியாக இருக்கும். படிவம் மாறவில்லை, இடம்தான் மாறியது. "ஒன்லைன் டெஸ்ட் செய்தேன், டிப்ரெஷன் என்று வந்துவிட்டது" என்று வருபவர்களிடம் நான் முதலில் இதைத்தான் விளக்குவேன். படிவம் கதவைத் தட்டும். உள்ளே போய்ப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். களவெடுக்கும் ஊழியரைக் கண்டுபிடிக்கப் பொய் காட்டும் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்கும் முகாமையாளருக்கும் இதே கணக்குத்தான் பதில். கூடுதலாகப் பிடிபடப்போவது நல்லவர்கள்.

நிறுவனப் பக்கம் போனால், ஆள் தெரிவில் ஆய்வுகள் ஒரு விஷயத்தில் உறுதி: எல்லாருக்கும் ஒரே கேள்வி, முன்கூட்டியே எழுதிய புள்ளித்திட்டம் என்று நடக்கும் நேர்முகப் பரீட்சை, சும்மா கதைத்துப் பார்க்கும் நேர்முகத்தைவிட நன்றாக ஆளைக் கணிக்கும். கோட்டைப் பகுதி அலுவலகங்களில் நான் பார்த்தது பெரும்பாலும் இரண்டாவது வகை. "எந்த ஸ்கூல்?" என்ற கேள்வியில் தொடங்கும், விடை சபையிலுள்ள ஒருவருடைய பாடசாலையாக அமைந்துவிட்டால் மிச்ச நேரம் கிரிக்கெட் பெரும்போட்டிக் கதை. அந்தப் பிள்ளை வெளியே போனதும் "நல்ல பொடியன்" என்று முடிவாகிவிடும். அடுத்து வரும் மட்டக்களப்புப் பிள்ளைக்கு அந்த வாசல் இல்லை. இது கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு நிமிடத்தில் உருவான எண்ணத்துக்கு ஆதாரம் தேடுவது மனிதப் புத்தியின் இயல்பு. அதைத் தடுக்கத்தான் ஒரே கேள்வித்தாள்.

எவ்வளவு நன்றாகக் கணிக்கும் என்பதில் மட்டும் எண் ஆடுகிறது. 1998இல் ஷ்மிட், ஹண்டர் இருவரும் வெளியிட்ட பெரும் தொகுப்பாய்வில் பொது அறிதிறன் சோதனைக்கும் கட்டமைத்த நேர்முகத்துக்கும் (மேலே சொன்ன முதல் வகை) பிறகு வேலை செய்யும் திறனோடு 0.51 என்ற தொடர்பு சொல்லப்பட்டது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). இருபது வருடத்துக்கு மேல் எல்லாப் பாடநூலும் அதையே ஒப்புவித்தன. 2022இல் சாக்கெட்டும் மற்றவர்களும் அந்தக் கணக்கில் செய்த திருத்தங்கள் அளவுக்கு மிஞ்சியவை என்று காட்டி, கட்டமைத்த நேர்முகத்துக்கு 0.42, அறிதிறனுக்கு 0.31 என்று இறக்கினார்கள். வரிசையில் நேர்முகம் மேலே போய்விட்டது. மகளுடைய கையேட்டில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். பழையது மட்டும் இருந்தால் கையேடும் பழையது.

மாஸ்லோவின் தேவைகளின் ஏணி (1943; பசி, பாதுகாப்பு தொடங்கி உறவு, மதிப்பு, சுயநிறைவு என்று ஏறுவது) கம்பனிப் பயிற்சிகளில் தவறாமல் வரும். ஒரு படி நிறைந்தால்தான் அடுத்த படி என்பதற்கு ஆதாரம் பலவீனம். அந்தப் பிரபலமான முக்கோணப் படத்தையும் அவர் வரையவில்லை. ஹோத்தோர்ன் தொழிற்சாலை ஆய்வுகளும் அப்படியே. 1924 முதல் 1932 வரை சிக்காகோ அருகே நடந்தவை. "கவனித்தாலே வேலை கூடும்" என்று சொல்லப்பட்டது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்த பகுதியின் பழைய தரவுகள் கிடைத்தபோது 2011இல் மறுபடி ஆராய்ந்தார்கள். சொல்லப்பட்ட அளவுக்கு அங்கே ஒன்றும் தெளிவாக இல்லை. பரீட்சைக்கு எழுதட்டும். வேலைக்கு நம்ப வேண்டாம்.

கல்வி உளவியலில் எனக்கு மிகவும் பிடித்த, கெட்டியான கருத்து இரண்டு. இரண்டும் ரியூட்டரிப் பிள்ளைகளுக்கு இன்றைக்கே உதவும். ஒன்று இடைவெளி விட்டுப் படிப்பது. எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னைத்தானே சோதித்துக் காட்டியது. மற்றது மீட்டல் சோதனை. ரோடிகர், கார்பிக்கே இருவரும் 2006இல் மாணவரைப் பிரித்து, ஒரு குழுவை ஒரு பந்தியை நாலு தரம் வாசிக்க வைத்தார்கள். மற்றக் குழு ஒரு தரம் வாசித்துவிட்டு மூன்று தரம் பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 83 வீதம், எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரத்துக்குப் பின் தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. இதில் நான் கவனிக்கச் சொல்வது முதல் சோடி எண். திரும்பத் திரும்ப வாசிக்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் எல்லாம் தெரிவதுபோல் இருக்கும், அந்த உணர்வு பொய்யும் இல்லை, ஆனால் நிற்காது. கடந்தகால வினாத்தாள் செய்வது நல்லது என்று நம் ஆசிரியர்கள் சொல்வது சரி. விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வதுதான் பிழை. மாறாக, "என் பிள்ளை பார்த்துப் படிப்பவள், இவன் கேட்டுப் படிப்பவன்" என்ற கற்றல் பாணிக் கதைக்கு ஆதாரம் இல்லை. 2008இல் பாஷ்லரும் மற்றவர்களும் தேடிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு விருப்பம் வேறுபடும், அது உண்மை. விருப்பத்துக்கேற்பக் கற்பித்தால் பெறுபேறு கூடும் என்பதுதான் நிலைநாட்டப்படவில்லை. கொழும்பில் கைரேகை பார்த்துக் கற்றல் பாணி சொல்பவர்களும் கடை விரித்திருக்கிறார்கள். அங்கே காசு கொடுக்க வேண்டாம்.

சிகிச்சைக்கும் உளவளத்துணைக்கும் வருகிறேன். உங்கள் மகளின் மனதிலிருப்பது இதுதான் என்று நினைக்கிறேன், படிக்க வருபவர்களில் பெரும்பாலோருக்கும் இதுதான். பயக் கோளாறுகளில் கெட்டியான கருத்து தவிர்த்தல். பயந்த இடத்தைத் தவிர்த்தால் உடனே நிம்மதி. அந்த நிம்மதியே தவிர்த்தலுக்கு மீளவலியுறுத்தலாகி, அதாவது மறுபடியும் தவிர்க்கத் தூண்டும் பரிசாகி, பயம் வளர்கிறது. மேலே சொன்ன கொட்டாஞ்சேனைப் பையன் வீட்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அடுத்த நாளைக் கடினமாக்குகிறது. ஆகவே சிகிச்சை என்பது படிப்படியாக அந்த இடத்துக்கே திரும்பக் கூட்டிப்போவது: முதல் நாள் பள்ளி வாசல்வரை, பிறகு நூலகம், பிறகு பிடித்த ஆசிரியரின் ஒரு பாடம். பிள்ளைக்கு இரக்கப்பட்டு "இன்றைக்கு மட்டும் நில்" என்று சொல்லும் அம்மம்மாவையும் திட்டத்துக்குள் எடுக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. பள்ளியில் யாராவது அவனை உண்மையிலேயே அடிக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பயத்துக்குக் காரணம் இருந்தால் மாற்ற வேண்டியது பள்ளியை.

ஆரன் பெக் 1960களில் வளர்த்த அறிகை நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குவது), மனச்சோர்விலும் பதகளிப்பிலும் நன்றாகச் சோதிக்கப்பட்டது. ஆனால் எந்தச் சிகிச்சை மற்றதைவிட எவ்வளவு மேல், எந்த உறுப்பு வேலை செய்கிறது என்பது இன்னும் முடியாத வாதம். சிகிச்சை முறை எதுவாயினும் திரும்பத் திரும்ப வருவது, சிகிச்சை தருபவருக்கும் வருபவருக்கும் உள்ள உறவு. கார்ல் ரோஜர்ஸ் 1957இல் பரிவு, நிபந்தனையற்ற மதிப்பு, உள்ளும் புறமும் ஒன்றாயிருத்தல் ஆகியவையே போதும் என்றார். "போதும்" என்பதை எல்லாரும் ஏற்கவில்லை. எட்வர்ட் போர்டின் 1979இல் அதைக் கூர்மையாக்கினார்: பிணைப்பு மட்டும் காணாது, என்ன இலக்கு, அதற்கு என்ன செய்வோம் என்பதிலும் இருவருக்கும் உடன்பாடு வேண்டும். நடைமுறையில் பார்த்தால் இது சரி. நம்மிடம் வருபவர் புத்திமதி கேட்டு வருவார், இளம் உளவளத்துணையாளர் புத்திமதி சொல்லக்கூடாது என்று படித்திருப்பார். இரண்டு பேரும் மரியாதையாக முக்கால் மணித்தியாலம் ஒருவருக்கொருவர் காத்திருந்துவிட்டுப் போவார்கள். வேலையின் இலக்கை முதல் நாளே பேசியிருந்தால் இந்த வீண் இல்லை.

நல்லெண்ணம் ஆதாரம் ஆகாது என்பதை இந்த நாடு அனுபவித்துப் படித்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு உலகின் பல மூலையிலிருந்தும் உளவளத்துணை என்று குழுக்கள் வந்திறங்கின. முகாம் மக்களை உடனே உட்கார்த்தி நடந்ததை விபரமாகச் சொல்ல வைப்பதே மருந்து என்று அவர்களில் சிலர் நம்பினார்கள். அந்த ஒற்றை அமர்வு முறையைப் பற்றிய ஆய்வுகளின் மீளாய்வு அதற்கு முன்னரே, 2002இல், வெளியாகியிருந்தது: பின்னர் வரும் நெருக்கீட்டுக் கோளாறை அது தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் இருந்திருக்கலாம். 2007இல் சர்வதேச அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, உணவு, பாதுகாப்பு, குடும்பத்தைச் சேர்த்துவைத்தல் ஆகியவற்றை அடித்தளமாகவும் சிறப்புச் சிகிச்சையை உச்சியில் சிலருக்கு மட்டுமானதாகவும் வைத்தது. இப்போது எல்லாரும் படிப்பிக்கும் உளவியல் முதலுதவி (உலக சுகாதார அமைப்பின் கைநூல் 2011) அறிவுள்ளவர்களின் ஒருமித்த கருத்தில் நிற்கிறது. சோதித்த ஆதாரம் அதற்கும் குறைவு. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் எழுதிய கட்டுரையில், போரும் இடப்பெயர்வும் தனி ஆளை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் உடைத்த விதத்தைக் கூட்டு மனவடு என்று விளக்கினார். தமிழில் உளவியல் படிக்கும் எவரும் அதைத் தாண்டிப் போகக்கூடாது. அதை எண்ணாக அளப்பது எப்படி என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இருப்பதில் சந்தேகம் இல்லை.

தடயவியலில் கெட்டியானது ஒன்றுதான் சொல்வேன்: ஞாபகம் பதிவுநாடா அல்ல. லொஃப்டஸ், பாமர் இருவரும் 1974இல் விபத்துப் படம் காட்டி, கார்கள் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று சிலரிடமும், "தொட்டபோது" என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். சராசரி விடை மணிக்கு 40.8 மைல், 31.8 மைல். ஒரு வினைச்சொல்லில் ஒன்பது மைல். பொலிஸ் விசாரணையும் அடையாள அணிவகுப்பும் நடத்துபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சந்தேகநபர் யார் என்று தெரியாத ஒருவரே அணிவகுப்பை நடத்துவது நல்லது என்பதும். குற்றம் நடந்த விதத்தை வைத்துக் குற்றவாளியின் குணத்தை ஊகிப்பதாகத் தொலைக்காட்சியில் வருவதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. தடயவியல் என்று ஆசைப்பட்டு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

சுகாதார உளவியலைக் கையேடுகள் சின்னதாகப் போடுகின்றன. எனக்கு அதுதான் இந்த நாட்டுக்கு மிகவும் வேண்டிய கிளை. 1977இல் ஜோர்ஜ் எங்கல் நோயை உடல், உளம், சமூகம் மூன்றும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். நீரிழிவு கிளினிக்கில் "சீனி குறையுங்கோ" என்று சொல்வதால் குறைவதில்லை. "பின்னேரம் தேத்தண்ணி வந்தால், சீனிப் போத்தலை எடுக்காமல் குடிப்பேன்" என்று எப்போது, எங்கே, என்ன என்று முடிச்சுப் போட்டு வைத்தால் கொஞ்சம் குறைகிறது. கோல்விட்சரின் இந்த "இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்" திட்டத்துக்குப் பல ஆய்வுகளின் ஆதரவு இருக்கிறது. அதைவிடப் பெரிய உதாரணம் நம்முடையது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்று உலகின் உச்சத்தில் இருந்தது. கடும் நச்சுப் பூச்சிகொல்லிகளை அரசு கட்டங்கட்டமாகத் தடை செய்தது. 2005ஆம் ஆண்டளவில் வீதம் பாதியானது. யாருடைய மனத்துக்குள்ளும் போகாமல், ஆபத்தான கணத்தில் கைக்கெட்டும் பொருளை மாற்றியதால் இவ்வளவு. அந்தக் கணம் பெரும்பாலும் கடந்துபோகும் என்பதுதான் அடியிலுள்ள உளவியல். (இதை வாசிக்கும் யாருக்காவது இப்போது பாரமாக இருந்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம், கொழும்பில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பும் 1974 முதல் இருக்கிறது.) இதே சிந்தனையின் இயந்திர வடிவம் மனிதக் காரணிகள் என்ற கிளை. இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானிகள் தரையிறங்கிய பின் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் பார்த்தால் சக்கரப் பிடியும் இறக்கைத் தட்டுப் பிடியும் பக்கம் பக்கமாக ஒரே மாதிரி. பிடிகளின் வடிவத்தை மாற்றினார்கள், பிரச்சினை தீர்ந்தது. விளையாட்டு உளவியலை மேலோட்டமாக விட்டுவிடுகிறேன், நான் அந்த ஆள் இல்லை.

பொதுவாக எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு எண். 2015இல் உளவியல் சஞ்சிகைகளில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 வீதம் புள்ளிவிபரப்படி பொருளுள்ள முடிவு காட்டியவை, திரும்பச் செய்ததில் 36 வீதம்தான் காட்டின. அதற்கு மேலாக, உளவியல் ஆய்வுகளுக்கு உட்பட்டவர்களில் பெரும்பாலோர் மேற்கு நாட்டவர், அவர்களிலும் பலர் பல்கலைக்கழக மாணவர்கள். முல்லைத்தீவிலோ மஸ்கெலியாவிலோ அப்படியே செல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே "ஆய்வு சொல்கிறது" என்ற வாக்கியத்தைக் கேட்டதும், எத்தனை ஆய்வு, யாரிடம், திரும்பச் செய்தார்களா என்று கேட்கும் பழக்கம் மகளுக்கு வந்துவிட்டால் டிப்ளோமாக் காசு வீண் இல்லை.

கடைசியாக, எதில் தொடங்குவது. கிளையைத் தெரிவு செய்ய இது நேரம் இல்லை. புள்ளிவிபரவியல், அளவிடல், விருத்தி உளவியல், கற்றல் ஆகியவை உள்ள பட்டப் படிப்பை நோக்கிப் போகட்டும். டிப்ளோமாவைத் தனக்கு இது பிடிக்கிறதா என்று பார்க்கும் வாய்ப்பாக வைக்கட்டும். பெயருக்குப் பின்னால் எழுத்துகள் வந்த கையோடு கிளினிக் பலகை போடுவதற்கு அது போதாது. சேர முன்னர் அந்த இடத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: படிப்பிப்பவர் யார், என்ன வேலை செய்தவர்; மேற்பார்வையோடு ஆட்களைச் சந்திக்க மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறார்களா; புள்ளிவிபரவியல் பாடம் உண்டா. மூன்றாவதற்கு "அதெல்லாம் பயப்பட வேண்டாம், இல்லை" என்று மகிழ்ச்சியாகப் பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். சிங்களமும் பேசுமளவுக்குப் படிக்கச் சொல்லுங்கள். கொழும்பு வைத்தியசாலை எதிலும் அது இல்லாமல் ஒரு கிளினிக் நாளை ஓட்ட முடியாது. அதே கிளினிக்கில் தமிழ் மட்டும் பேசும் மலையகத்து அம்மா ஒருவர் வந்தால் தாதிமார் உங்கள் மகளைத்தான் தேடுவார்கள், தமிழில் கதைக்க அங்கே ஆள் அவ்வளவு குறைவு.